வாசகர் கேள்வி–பதில்: மயோரானாவைப் பார்த்துவிட்டார்களா?

கொஞ்ச காலமாக குவாண்டம் கணினி பற்றி வரும் கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் முட்டுகின்றன. மின்தடையே இல்லாமல் மின்னோட்டத்தைக் கடத்தும் மீக்கடத்திகளில் டோப்பாலஜி மீக்கடத்தி என்ற வகை என்ன, அதன் ஓரத்தில் இருப்பதாகச் சொல்லும் மயோரானா நிலையை யாராவது உண்மையிலேயே பார்த்தார்களா, பார்த்ததாகச் சொன்னவர்கள் ஏன் பிறகு திரும்பப் பெற்றார்கள் என்றெல்லாம் கேட்கிறீர்கள். எனக்கும் மிகப் பிடித்த விஷயம் என்பதால் இந்த இதழில் மற்ற கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மயோரானா என்று ஒரு துகள் நிஜமாக இருக்கிறதா? ஒரு சிப்புக்கே அந்தப் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு கட்டுரையில் துகள் என்கிறார்கள், இன்னொன்றில் நிலை என்கிறார்கள். எது சரி?
— பொறியியல் மாணவர், கோவை

எத்தோரே மயோரானா சிசிலித் தீவின் கதானியா நகரில் 1906-ல் பிறந்த இயற்பியலாளர். டிராக் 1928-ல் எழுதிய சமன்பாட்டிலிருந்து எலக்ட்ரானுக்கு ஓர் எதிர்த்துகள் இருக்க வேண்டும் என்று வந்தது, 1932-ல் கார்ல் ஆண்டர்சன் பாசிட்ரானைக் கண்டதும் அது உறுதியானது. மயோரானா 1937-ல் அந்தச் சமன்பாட்டையே வேறு வடிவில் எழுதிப் பார்த்து, மின்னூட்டம் இல்லாத ஒரு துகள் தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்க முடியும் என்று காட்டினார். அடுத்த ஆண்டு மார்ச்சில், பலெர்மோவிலிருந்து நேப்பிள்ஸுக்குக் கப்பலில் கிளம்பியவர் காணாமல் போனார். வயது 31.

நியூட்ரினோ அப்படிப்பட்ட துகளாக இருக்கலாம் என்று ஒரு கூட்டம் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருக்கிறது, அது தனிக் கதை. நாம் பேசப்போவது மீக்கடத்திக்குள் இருக்கும் மயோரானா. இது பறந்து திரியும் துகள் கிடையாது. கோடானுகோடி எலக்ட்ரான்கள் சேர்ந்து நடந்துகொள்ளும் விதத்தில், பொருளின் ஓரத்திலோ கம்பியின் நுனியிலோ தோன்றும் ஒரு கூட்டு நிலை. கணக்கில் மயோரானா எழுதிய அதே பண்பு அதற்கும் இருப்பதால் அந்தப் பெயர். ஆகவே 'மயோரானா நிலை' என்று சொல்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. துகள் என்று எழுதுபவர்கள் சுருக்கமாகச் சொல்கிறார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: சாதாரண மீக்கடத்திக்கும் டோப்பாலஜி மீக்கடத்திக்கும் என்ன வித்தியாசம்? வகுப்பில் மாணவர்கள் கேட்டார்கள், பாதரசம், மின்தடை பூஜ்யம் என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதாயிற்று.
— மேல்நிலைப் பள்ளி இயற்பியல் ஆசிரியை, மதுரை

நீங்கள் நிறுத்திய இடத்திலிருந்தே போகலாம் டீச்சர். 1911-ல் லெய்டனில் காமர்லிங் ஆன்னஸ் பாதரசத்தை 4.2 கெல்வின் வரை (சுமார் மைனஸ் 269 டிகிரி செல்சியஸ்) குளிர்வித்தபோது மின்தடை மறைந்தது. ஏன் என்பதற்கு 1957 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும், எலக்ட்ரான்கள் இரண்டிரண்டாகச் சோடி சேர்வதுதான் காரணம் என்று சொன்னார்கள். அலுமினியம், ஈயம், நியோபியம் போன்றவற்றில் ஒரு சோடியில் இருக்கும் இரண்டுக்கும் ஸ்பின், அதாவது ஒவ்வொரு எலக்ட்ரானையும் ஒரு குட்டிக் காந்தம் போல ஆக்கும் பண்பு, எதிரெதிராக இருக்கும். சோடியைப் பிரிக்க ஒரு குறைந்தபட்ச ஆற்றல் தேவை. அந்த அளவுக்குக் கீழே தனி எலக்ட்ரான் வந்து உட்கார இடமே கிடையாது. இதை ஆற்றல் இடைவெளி என்கிறோம். இந்தச் சொல் இனி அடிக்கடி வரும்.

டோப்பாலஜி மீக்கடத்தியிலும் உள்ளே ஆற்றல் இடைவெளி உண்டு. ஆனால் உள்ளே எலக்ட்ரான் அலைகள் முறுக்கிக்கொண்டிருக்கும் விதத்தை ஒரு முழு எண்ணால் குறிக்கலாம், இடைவெளி மூடாதவரை அந்த எண் மாறவே மாறாது. பொருளுக்கு வெளியே, வெற்றிடத்தில், அந்த எண் பூஜ்யம். உள்ளே ஒன்று, வெளியே பூஜ்யம் என்றால் நடுவில் எங்கேயாவது இடைவெளி மூடியே ஆக வேண்டும். அது ஓரத்தில் நடக்கிறது. அதனால் ஓரத்தில், சரியாகப் பூஜ்ய ஆற்றலில், ஒரு நிலை வந்து உட்காருகிறது. அங்கே கொஞ்சம் அழுக்கு இருந்தாலும், மேற்பரப்பு கரடுமுரடாக இருந்தாலும் அது போகாது, ஏனென்றால் அதைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் எண்.

அது ஏன் தனக்குத் தானே எதிர்த்துகள்? மீக்கடத்தியில் எழும் எந்தக் கிளர்ச்சியும் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் இல்லாத காலி இடம்) சேர்ந்த கலவைதான். ஆற்றல் சரியாகப் பூஜ்யம் என்றால் இரண்டும் சமம். எலக்ட்ரானைத் துளையாகவும் துளையை எலக்ட்ரானாகவும் மாற்றினாலும் பழையபடியே இருக்கும். ஸ்பின்னும் ஒத்துப்போக வேண்டும் என்பதால், ஒரே பக்க ஸ்பின்கள் சோடி சேரும் பொருள் இதற்கு ரொம்ப வசதி. அப்படிப்பட்டவை இயற்கையில் மிக அபூர்வம்.

அலெக்ஸெய் கிதாயெவ் 2001-ல் வெளியிட்ட ஒரு எளிய மாதிரியிலிருந்துதான் குவாண்டம் கணினிக்காரர்களுக்கு இதில் ஆசை வந்தது. ஒரு கம்பியின் இரண்டு நுனியிலும் ஒவ்வொரு மயோரானா நிலை, இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு எலக்ட்ரானுக்கான இடம். அந்த இடம் நிரம்பியிருக்கிறதா காலியா என்பது எந்த நுனியிலும் தனியாக எழுதியிருக்காது. ஒரு ரூபாய் நோட்டைக் குறுக்கே கிழித்து ஆளுக்குப் பாதி கொடுத்தால் யாராலும் தனியாகக் கடைக்குப் போக முடியாது இல்லையா, அது மாதிரி. ஒரு நுனியில் வரும் இரைச்சலால் தகவலைப் படிக்கவும் முடியாது, கெடுக்கவும் முடியாது.

கேள்வி: 'பூஜ்ய மின்னழுத்த உச்சி' என்ற ஒன்றைத்தான் எல்லோரும் சான்றாகக் காட்டுகிறார்கள். அதை எப்படி அளக்கிறார்கள்? 2018-ல் வந்த பெரிய கட்டுரையை ஏன் திரும்பப் பெற்றார்கள்? எங்கள் துறையில் இதைப் பற்றி ஆளுக்கொரு மாதிரி சொல்கிறார்கள்.
— ஆராய்ச்சி மாணவி, சென்னை

கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும் அம்மா, இந்தத் துறையின் முழு வலியும் இந்தக் கேள்வியில் இருக்கிறது.

மீக்கடத்தியின் ஓரத்துக்கு ஒரு மெல்லிய தடுப்பு வழியாக மின்னோட்டம் செலுத்துகிறோம். குவாண்டம் விதிப்படி எலக்ட்ரான் அந்தத் தடுப்பை ஊடுருவிப் போகும், ஆனால் மறுபக்கம் அதே ஆற்றலில் இடம் இருந்தால்தான் போகும். மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, ஒவ்வொரு அழுத்தத்திலும் எவ்வளவு சுலபமாக மின்னோட்டம் போகிறது என்று வரைந்தால், உள்ளே எந்தெந்த ஆற்றலில் இடம் இருக்கிறது என்ற படம் கிடைக்கும். சாதாரண மீக்கடத்தி என்றால் நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் மேடு. பூஜ்ய ஆற்றலில் மயோரானா இருந்தால் பள்ளத்தின் நட்டநடுவில் ஒரு உச்சி எழ வேண்டும். அதுதான் நீங்கள் சொல்லும் உச்சி.

ஒரே பக்க ஸ்பின் சோடி உள்ள பொருள் கிடைக்காதபோது செயற்கையாகச் செய்துகொள்ளலாம் என்று 2010-ல் இரண்டு கோட்பாட்டுக் குழுக்கள் ஒரு செய்முறை கொடுத்தன. எலக்ட்ரானின் ஸ்பின்னும் ஓட்டமும் பின்னிப் பிணைந்திருக்கும் ஒரு குறைக்கடத்திக் கம்பியை எடுத்து, சாதாரண மீக்கடத்தியை அதன் மேல் ஒட்டி, கம்பியின் நீளவாக்கில் காந்தப்புலம் கொடுக்க வேண்டும். 2012-ல் நெதர்லாந்தின் டெல்ஃப்டில் லியோ கௌவன்ஹோவன் குழு இண்டியம் ஆன்டிமனைடு நுண்கம்பியில் இதைச் செய்து உச்சியைக் காட்டியது. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் உச்சி ரொம்பக் குட்டை. கோட்பாட்டின்படி மயோரானா உச்சிக்கு ஒரு நிச்சயமான உயரம் உண்டு. எலக்ட்ரான் மின்னூட்டத்தின் வர்க்கத்தை இரண்டால் பெருக்கி பிளாங்க் மாறிலியால் வகுத்தால் வரும் அளவு அது, மின்தடையாகச் சொன்னால் சுமார் 12.9 கிலோ ஓம். டெல்ஃப்டில் கிடைத்தது அதில் ஒரு சிறு பகுதிதான்.

2018-ல் நேச்சர் இதழில் வந்த கட்டுரை, அந்த முழு உயரத்தையும் பார்த்துவிட்டோம், அளவுகளைக் கொஞ்சம் மாற்றினாலும் உயரம் மாறாமல் நிற்கிறது என்று சொன்னது. அதே குழுவில் முன்பு வேலை பார்த்து 2012 கட்டுரையிலும் பெயர் உள்ள செர்கே ஃப்ரோலோவ், வின்சென்ட் மௌரிக் இருவரும் மூலத் தரவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். கட்டுரையில் வரைபடம் நின்றுவிட்ட இடத்தைத் தாண்டியும் அளவுகள் எடுக்கப்பட்டிருந்தன, அங்கே உயரம் நிற்காமல் அந்த அளவைத் தாண்டி மேலே போயிருந்தது. 2021 மார்ச்சில் ஆசிரியர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றார்கள், போதிய கறார்த்தன்மை இல்லாமல் போய்விட்டது என்று எழுதி வருத்தமும் தெரிவித்தார்கள். தரவைப் புனைந்ததாகச் சான்று இல்லை என்று விசாரித்த நிபுணர் குழு சொன்னது. பார்க்க விரும்பியதைப் பார்த்துவிட்டார்கள் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன், அது பொய் சொல்வதைவிட எளிதில் யாருக்கும் நடக்கக்கூடியது என்பதால் நாம் இன்னும் கவனமாக இருக்க வேண்டியிருக்கிறது.

சரி, மயோரானா இல்லாமலே அந்த உச்சி எப்படி வருகிறது? கம்பியில் மாசு இருந்தாலோ, நுனியில் மின்னழுத்தம் திடீரென்று மாறாமல் சரிவாக மாறினாலோ, ஆண்ட்ரீவ் நிலைகள் என்ற சாதாரணக் கட்டுண்ட நிலைகள் உருவாகும். காந்தப்புலத்தைக் கூட்டும்போது அவற்றின் ஆற்றல் இறங்கி வந்து பூஜ்யத்திலேயே கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டு நிற்கவும் செய்யும். இப்படிப்பட்ட சாதனத்தில் பல கேட்களின் (கம்பியைக் கட்டுப்படுத்தும் நுண் மின்முனைகளின்) மின்னழுத்தத்தை ஆராய்ச்சியாளர் கையால் திருகிக்கொண்டே இருக்கலாம். அத்தனை சேர்க்கைகளில் எங்கேயாவது ஓர் இடத்தில் உச்சி சரியான உயரத்தில் நிற்பது போலத் தெரிந்தே தீரும், அந்த இடத்தை மட்டும் வெட்டி எடுத்துக் காட்டினால் யாரும் நம்புவார்கள். உச்சி வந்தது என்பதை மட்டும் வைத்து முடிவு சொல்லும் எந்தக் கட்டுரையையும் நான் இப்போது சான்றாக எடுத்துக்கொள்வதில்லை.

கம்பிகளில் மட்டும் நடந்த கதையும் இல்லை இது. 2017-ல் கலிஃபோர்னியாவிலிருந்து சயன்ஸ் இதழில் வந்த இன்னொரு மயோரானா அறிவிப்பு, வேறு குழு செய்து பார்த்தபோது கிடைக்காமல், 2022-ல் திரும்பப் பெறப்பட்டது. பிரின்ஸ்டனில் அலி யஸ்தானி குழு 2014-ல் ஈயத்தின் மேல் இரும்பு அணுக்களைச் சங்கிலியாக்கி நுனியில் உச்சியைப் பார்த்தது, பெய்ஜிங்கில் 2018-ல் இரும்பு–டெல்லூரியம்–செலீனியம் மீக்கடத்தியின் காந்தச் சுழல்களின் நடுவே பார்த்தார்கள். இவை இன்னும் நிற்கின்றன, நல்ல வேலைகள், ஆனால் அந்தப் பெய்ஜிங் பொருளில்கூட எல்லாச் சுழலிலும் உச்சி வருவதில்லை.

கேள்வி: எல்லாமே ஏன் இவ்வளவு குளிரில்? கொஞ்சம் சூடாக இருந்தால் என்ன ஆகும்?
— ஓய்வு பெற்ற மின்வாரியப் பொறியாளர், ஈரோடு

கணக்குப் போட்டால் உடனே தெரிந்துவிடும் சார். அடுத்த கேள்வியில் வரும் யுரேனியம் பொருளின் ஆற்றல் இடைவெளி சுமார் 0.25 மில்லி எலக்ட்ரான் வோல்ட். அறை வெப்பத்தில் வெப்ப ஆற்றல் மட்டுமே சுமார் 26 மில்லி எலக்ட்ரான் வோல்ட், அதாவது நூறு மடங்கு. திரவ ஹீலியம் கொதிக்கும் 4.2 கெல்வினில் வைத்துப் பார்த்தால்கூட வெப்பத்தால் அளவீட்டு வரைபடத்தின் கோடுகள் ஒரு மில்லி எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் பரவிவிடும், இடைவெளியே தெரியாது. 0.28 கெல்வினுக்குப் போனால் பரவல் 0.1-க்குக் கீழே வரும், அப்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க முடிகிறது. கம்பிச் சோதனைகளில் ஹீலியம்-3, ஹீலியம்-4 கலவையை வைத்து ஓடும் குளிர்விப்பானில் கெல்வினில் சில நூறில் ஒரு பங்கு வரை இறங்குகிறார்கள்.

கேள்வி: செயற்கையாகச் செய்வதில் இவ்வளவு குழப்பம் என்றால், இயற்கையாகவே அப்படி இருக்கும் பொருளைத் தேட வேண்டியதுதானே? யுரேனியம் டைடெல்லூரைடு பற்றி எங்கோ படித்தேன்.
— கல்லூரி விரிவுரையாளர், திருச்சி

தேடினார்கள், தேடுகிறார்கள். இந்தப் பக்கத்தை நான் எழுத உட்கார்ந்ததே இந்தப் பொருளைப் பற்றிச் சொல்லத்தான்.

யுரேனியம் டைடெல்லூரைடு மீக்கடத்தி ஆகிறது என்று மேரிலாந்தில் நிக்கோலஸ் புட்ச் இருந்த குழு 2019-ல் அறிவித்தது. அப்போது 1.6 கெல்வின், பிறகு சுத்தமான படிகங்களில் சுமார் 2.1 கெல்வின். அதைவிட ஆச்சரியம், சாதாரண மீக்கடத்தி தாங்கவே முடியாத காந்தப்புலத்தை, சில திசைகளில் 35 டெஸ்லாவுக்கும் மேலே, இது தாங்குகிறது. எதிரெதிர் ஸ்பின் சோடி என்றால் காந்தப்புலம் அதை எப்போதோ பிய்த்திருக்கும். ஆகவே ஒரே பக்க ஸ்பின் சோடியாக இருக்கும் என்ற நம்பிக்கை வந்தது.

2020-ல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் வித்யா மாதவன் குழு இதன் மேற்பரப்பை எஸ்டிஎம் வைத்துப் பார்த்தது. எஸ்டிஎம் என்பது 1981-ல் ஜூரிக்கில் பின்னிக், ரோரர் இருவரும் உருவாக்கிய கருவி. ஒரு கூரான ஊசியை மேற்பரப்புக்கு அணு அளவு தூரத்தில் நிறுத்தி, இடையில் உள்ள வெற்றிடத்தை எலக்ட்ரான் ஊடுருவுவதை அளக்கும். அணுப்படிக்கட்டுகளின் விளிம்பில், ஒரே திசையில் ஓடும் நிலைகள் இருப்பதற்கான அறிகுறியை அவர்கள் கண்டார்கள். இப்படி ஒருதிசையாகச் சுழலும் சோடியைக் கைத்தன்மை உள்ளது என்பார்கள். ஆனால் பின்னாளில் வந்த நல்ல படிகங்களில் அந்தக் கைத்தன்மைக்கான வேறு அடையாளங்கள் கிடைக்கவில்லை. இன்னொரு தொல்லையும் இருந்தது. இந்தப் பொருளின் மேற்பரப்பில் சாதாரண ஊசியை வைத்துப் பார்த்தால் ஆற்றல் இடைவெளி முழுக்க ஏதேதோ நிலைகள் நிரம்பி, பள்ளமே ஆழமில்லாமல் தெரியும். அதில் எது மயோரானா, எது சாதாரணம் என்று எப்படிப் பிரிப்பது?

இங்கேதான் சேமஸ் டேவிஸ் குழு செய்தது வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டிலும் அயர்லாந்தின் கார்க்கிலும் வேலை பார்ப்பவர் அவர். கோட்பாட்டுப் பக்கம் பெர்க்லியின் டங்-ஹாய் லீ. 2025-ல் சயன்ஸ் இதழில் வந்தது. அவர்கள் ஊசியையே மீக்கடத்தியாக்கினார்கள், நியோபியம். நியோபியத்துக்குள் எல்லாம் சோடியாக இருப்பதால், இடைவெளிக்குள் தனி எலக்ட்ரான் அங்கிருந்து வர முடியாது. ஒரு எலக்ட்ரான் போய் ஒரு துளை திரும்பி வருகிற ஆண்ட்ரீவ் எதிரொளிப்பு வழியாகத்தான் மின்னோட்டம் நடக்கும். ஊசிக்கும் பொருளுக்கும் நடுவே, பொருளின் மேற்பரப்பில் பூஜ்ய ஆற்றல் நிலைகள் இருந்தால் அவை அந்தப் பரிமாற்றத்துக்கு வாசலாகி, பூஜ்ய மின்னழுத்தத்தில் கூர்மையான உச்சி எழும். 0.28 கெல்வினில் பார்த்தார்கள், எழுந்தது.

இத்தோடு நிறுத்தியிருந்தால் இதுவும் இன்னொரு உச்சிக் கட்டுரைதான். அடுத்து அவர்கள் ஊசியை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுபோனார்கள். நியோபியம் ஊசி நெருங்கும்போது அதன் சாதாரணச் சோடிகள் பொருளின் மேற்பரப்பைத் தொந்தரவு செய்யும். அப்போது என்ன ஆகும் என்பதில் கோட்பாடு இரண்டு விதமாகச் சொல்லியிருந்தது. பொருளின் சோடிக்குக் கைத்தன்மை இருந்தால் உச்சி உடையாமல் நிற்கும், கைத்தன்மை இல்லாத வகை என்றால் உச்சி இரண்டாகப் பிளக்கும். பிளந்தது. நெருங்க நெருங்கப் பிளவும் அகன்றது. ஆக ஒரே சோதனையில், மேற்பரப்பில் பூஜ்ய ஆற்றல் நிலை இருக்கிறது என்பதோடு, உள்ளே உள்ள சோடி எந்த ஜாதி என்பதும் வந்துவிட்டது: ஒரே பக்க ஸ்பின் வகை, கைத்தன்மை இல்லாதது.

இந்தச் சோதனையை நான் இவ்வளவு மதிப்பதற்குக் காரணம், பதில் 'இல்லை' என்று வரவும் அதில் இடம் இருந்தது. கையால் திருகுவதற்கு இருந்தது ஊசியின் தூரம் ஒன்றுதான், அதைத் திருகினால் என்ன நடக்க வேண்டும் என்று முன்பே எழுதிவைத்திருந்தார்கள். வெறும் உச்சியைத் தேடிப் போவதற்கும் இதற்கும் நிறைய தூரம்.

அதற்காக நாளைக்கே இதில் குவாண்டம் கணினி செய்துவிடலாம் என்று நினைக்க வேண்டாம். இங்கே இருப்பது மேற்பரப்பு முழுக்கப் பரவிய நிலை. கம்பியின் இரண்டு நுனியில் தனித்தனியாக நிற்கும் மயோரானாக்களைப் போல இவற்றைப் பிரித்து எடுத்து நகர்த்த வழியில்லை. ஆனால் ஒரு பொருள் உண்மையிலேயே டோப்பாலஜி மீக்கடத்தியா என்று கேட்டுப் பதில் வாங்க ஒரு கருவி கிடைத்திருக்கிறது, அதை இனி மற்ற பொருள்களிலும் வைத்துப் பார்க்கலாம்.

கேள்வி: மைக்ரோசாஃப்ட் சிப் விஷயம் உண்மையா, விளம்பரமா? ஒரே வார்த்தையில் பதில் சொல்லவும்.
— மென்பொருள் பணியாளர், சிங்கப்பூர்

ஒரே வார்த்தையில் சொன்னால் யாருக்காவது அநியாயம் ஆகிவிடும், மன்னிக்கவும். 2025 பிப்ரவரி 19 அன்று மைக்ரோசாஃப்ட் 'மயோரானா 1' என்ற சிப்பை அறிவித்தது, எட்டு டோப்பாலஜி க்யூபிட்கள் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகுகள்) கொண்டது என்று. அதே நாளில் நேச்சரில் அவர்களுடைய கட்டுரை வந்தது. கட்டுரையில் இருப்பது, இண்டியம் ஆர்சனைடும் அலுமினியமும் சேர்ந்த கம்பியில் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒற்றையா இரட்டையா என்று ஒரே அளவீட்டில் படித்த வேலை. பிழை ஒரு சதவீத அளவு, ஒருமுறை ஒற்றையானால் ஒரு மில்லி விநாடிக்கு மேல் அப்படியே நிற்கிறது. அளவீட்டு நுட்பமாகப் பார்த்தால் அருமையான வேலை, இதில் சந்தேகமில்லை.

ஆனால் ஒற்றை–இரட்டை என்பது சாதாரண ஆண்ட்ரீவ் நிலைக்கும் உண்டு. அதனால்தான் தாங்கள் பார்த்த நிலைகள் டோப்பாலஜி நிலைகள்தானா என்பதை இந்த அளவீடு மட்டும் தீர்மானிக்காது என்று கட்டுரையின் சுருக்கத்திலேயே எழுதியிருக்கிறது. நேச்சர் ஆசிரியர் குழுவும் மதிப்புரைக் கோப்பில், இந்த முடிவுகள் மயோரானா பூஜ்ய நிலைக்கான சான்று அல்ல என்று குறித்திருக்கிறது. செய்திக்குறிப்பு வேறு மாதிரி பேசியது. கட்டுரையை நம்புங்கள். செய்தித்தாள் தலைப்பு செய்திக்குறிப்பிலிருந்து வந்தது, அதை அந்த அளவுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். கம்பி டோப்பாலஜி நிலைக்குப் போய்விட்டதா என்று சோதிக்க அந்த நிறுவனம் வைத்திருக்கும் முறையையே செயின்ட் ஆண்ட்ரூஸின் ஹென்றி லெக் போன்றவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள், அந்த வாதம் நடந்துகொண்டிருக்கிறது.

கேள்வி: இந்தத் துறையில் நம் ஊர்க்காரர்கள் யாராவது உண்டா?
— வாசகர், தஞ்சாவூர்

உண்டு. சென்னை கணித அறிவியல் நிறுவனத்தின் கணபதி பாஸ்கரன். ஸ்ட்ரான்ஷியம் ருத்தனேட் என்ற பொருள் மீக்கடத்தி ஆவதை ஜப்பானில் மயெனோ குழு 1994-ல் கண்டது. அதில் ஒரே பக்க ஸ்பின் சோடி இருக்கலாம் என்று 1995-ல் ரைஸ், சிக்ரிஸ்ட் இருவரும் சொன்னார்கள், பாஸ்கரனும் தம் வழியில் அதே முடிவுக்கு வந்து 1996-ல் எழுதினார். 1998-ல் காந்த ஒத்ததிர்வுச் சோதனை அதை ஆதரித்தது. அப்புறம் இருபது ஆண்டுகள் பாடப்புத்தகங்களிலேயே ஏறிவிட்டது. 2019-ல் கலிஃபோர்னியாவில் ஸ்டூவர்ட் பிரவுன் குழு திரும்பச் செய்து பார்த்தபோது, அளக்கப் பயன்படுத்திய துடிப்புகளே மாதிரியைச் சூடாக்கி மீக்கடத்தி நிலையைக் கலைத்துவிடுவது தெரிந்தது. துடிப்பின் ஆற்றலைக் குறைத்ததும் படம் தலைகீழாகிவிட்டது, ஒரே பக்க ஸ்பின் என்ற முடிவு நிற்கவில்லை. கோட்பாட்டுக்காரர்கள் மேல் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அவர்கள் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னார்கள், அந்தத் தேடலிலிருந்துதான் இன்றைய கேள்விகள் வந்தன.

மேலே சொன்ன வித்யா மாதவன் சென்னை ஐஐடியில் உலோகவியல் பொறியியல் படித்தவர். நம் ஊர்க்காரர் இல்லை என்றாலும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் அனிந்த்ய தாஸையும் சொல்ல வேண்டும். 2012-ல் இஸ்ரேலின் வைஸ்மான் நிறுவனத்தில் இண்டியம் ஆர்சனைடு கம்பியில் பூஜ்ய உச்சியை அளந்த கட்டுரையின் முதல் பெயர் அவருடையது.

கேள்வி: அப்படியானால் எதைக் காட்டினால் நீங்கள் நம்புவீர்கள்? இத்துறையில் ஆராய்ச்சிக்குப் போகலாமா என்றும் யோசிக்கிறேன்.
— எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர், நாகர்கோவில்

இரண்டு மயோரானாக்களை ஒன்றையொன்று சுற்றி இடம் மாற்றினால், மாற்றிய வரிசையைப் பொறுத்து முடிவு மாறும். முதலில் இதை மாற்றி அப்புறம் அதை மாற்றுவதும், அதை முதலில் மாற்றுவதும் ஒன்றாக இருக்காது. சாதாரண ஆண்ட்ரீவ் நிலையால் இதை நிலையாகச் செய்துகாட்ட முடியாது. அதைக் கம்பியில் ஒருவர் செய்து, தரவையும் முழுவதும் வெளியில் வைத்து, இன்னொரு ஆய்வகமும் அதையே செய்துவிட்டால் எனக்குப் போதும். அதற்கு முன்படியாக இரண்டு மயோரானாக்களை ஒன்றுசேர்த்து, ஒற்றையும் இரட்டையும் சம வாய்ப்பில் வருகிறதா என்று பார்க்கும் இணைப்புச் சோதனை இருக்கிறது.

கம்பிகளில் மாசு இவ்வளவு படுத்துகிறது என்பதால் டெல்ஃப்டில் இப்போது வேறு பாதையில் போகிறார்கள். கிதாயெவின் மாதிரியில் உள்ள ஒவ்வொரு இடத்தையும் ஒரு குவாண்டம் புள்ளியாக (எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் மிகச்சிறு இடமாக) கையாலேயே கட்டுகிறார்கள். 2023-ல் இரண்டு புள்ளிகளை மீக்கடத்தியால் இணைத்து மிகச்சிறிய சங்கிலியைக் காட்டினார்கள். இரண்டு புள்ளியில் டோப்பாலஜி பாதுகாப்பு கிடையாது, அளவுகளைச் சரியான ஒரு புள்ளியில் திருகி நிறுத்தினால்தான் மயோரானா மாதிரி நடக்கும், அதை அவர்களே வெளிப்படையாகச் சொல்கிறார்கள். சங்கிலி நீள நீளப் பாதுகாப்பு கூட வேண்டும், கூடுகிறதா என்று ஒவ்வொரு புள்ளியாகச் சேர்த்துப் பார்க்கலாம். எனக்கு இந்தப் பாதையில்தான் நம்பிக்கை.

ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் போகலாம். படிகம் வளர்க்கக் கற்றுக்கொள்ளுங்கள், யுரேனியம் டைடெல்லூரைடு கதையில் ஒவ்வொரு திருப்பமும் நல்ல படிகம் கிடைத்தபோதுதான் வந்தது. குறைந்த வெப்ப அளவீடும் கற்றுக்கொள்ளுங்கள். அதற்குமுன் வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒன்று உண்டு. இப்போது பல குழுக்கள் மூலத் தரவை ஜெனோடோ போன்ற இணையக் களஞ்சியத்தில் வைக்கின்றன. ஒரு மயோரானா கட்டுரையை எடுத்து, அதன் தரவை இறக்கி, பைத்தானில் முழு அளவுக்கும் நீங்களே வரைந்து, கட்டுரையில் உள்ள படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். படம் எங்கே தொடங்கி எங்கே நிற்கிறது, விட்ட பகுதியில் என்ன இருக்கிறது என்று எழுதி அனுப்பினால் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.